தொழில் என்ற கட்டம்

செங்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே
பிளெக்ஸ் அடிக்கிற பையன் கேட்டான்:
"ஆச்சி பேரு?"
முப்பிடாதி.
"வயசு?"
எண்பத்தேழு என்றால் அத்தை சண்டைக்கு வருவாள்,
எண்பத்துநாலு என்றால் சித்தப்பா.
எண்பத்தாறு போடு.
"என்ன பண்ணிட்டிருந்தாங்க?
ரிட்டயர்டு டீச்சர், அந்த மாதிரி ஏதாச்சும்?"

கர்ப்பமாக இருந்தாள், தம்பி.
பதினோரு வருஷம்
செவ்வாயும் வெள்ளியும்
எட்டு மாசக் கர்ப்பம்.

இதை அவனிடம் சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் அரிசி கிடையாது,
இந்தப் பக்கத்து அரிசி போகக் கூடாது.
நடுவில் ஒரு மீட்டர்கேஜ் ரயில்.
பழம்புடவையைக் குழாயாகத் தைத்து
எட்டுப்படி அரிசியை இடுப்பில் சுற்றி
மேலே கண்டாங்கி.
பகவதிபுரம் தாண்டிக் குகை வரும்.
அந்த இருட்டில்
பெட்டி முழுக்கப் பெண்கள்
வயிற்றைச் சரிசெய்துகொள்வார்கள்.
வெளிச்சம் வரும்போது ஆரியங்காவு.
எல்லாரும் முகத்தில் ஒரு களைப்பை ஏற்றியிருப்பார்கள்.

"உங்க ஆச்சிக்கு மட்டும் மசக்கை கூட வரும்டே,"
என்றாள் பாத்துமுத்து,
எழவு வீட்டில், வாயைப் பொத்திச் சிரித்து.
"நெசமாவே வாந்தி எடுப்பா.
ஸ்குவாடுக்காரன் ரெண்டடி தள்ளி நிப்பான்."

இரண்டு முறை பிடிபட்டாள்.
புனலூர் சப்ஜெயிலில் மூன்று ராத்திரி.
என்ன ஆச்சி போட்டாங்க சாப்பிட?
"நம்ம அரிசிதாம்ல.
வடிக்கத் தெரியல பாவிகளுக்கு."

முதல் லாபத்தில் கைக்கடிகாரம் வாங்கினாள்.
மணி பார்க்கத் தெரியாது.
ஆண்கள் நீட்டி முழக்கும்போது
அதைத் திருப்பிப் பார்ப்பாள்.
பேச்சு தானாக முடிந்துவிடும்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
புதிதாக வந்தவன், மீசை கூட முளைக்காதவன்,
மூட்டையைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியோடு
பெட்டிக்குள் ஏறினான்.
சுகந்தியின் வயிற்றில் குத்தினான். அரிசி கொட்டியது.
ஆவுடையாள் வயிற்றில் குத்தினான். அரிசி.
கம்பி முப்பிடாதியிடம் வந்தது.

அன்றைக்கு
முதுகுப் பக்கம் நாலு படி.
முன்பக்கம் என் அப்பா.

"சாரே," என்றாளாம்,
"இது அரியல்லா. ஆளாணு."
கம்பி முனை சேலையைத் தாண்டி
தோலில் நின்றது.
அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து
உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள்.
உள்ளேயிருந்து ஓர் உதை.
அந்தப் பையன் அடுத்த பெட்டிக்குப் போகவேயில்லை.
கதவோரம் போய்
பதிமூணுகண் பாலம் வரைக்கும்
வெளியே பார்த்தபடி நின்றானாம்.

பாத்துமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"அதுக்குப் பொறவு பாரு, இவ கேக்கா:
அந்த நாலு படிக்குத் தங்கம்மை
கூட ரெண்டணா தருவாளாட்டின்னு."

தொப்புளுக்குக் கீழே கடலைப்பருப்பு அளவில்
ஒரு தழும்பு.
கடைசி மாசம் நர்ஸ் கேட்டாள், என்ன ஆபரேஷன் என்று.
ஆச்சி சொன்னாள்,
"செக்போஸ்ட்."

அப்பா அரசாங்கத்தில் முப்பத்துநாலு வருஷம்.
வருவாய்த் துறை.
இந்தக் கதை எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.
"இல்லத்தரசின்னு போடச் சொல்லு," என்றார் போனில்.
நேற்று வாய்க்கரிசி போடும்போது மட்டும்
பிடி அரிசியோடு
அவர் கை நடுவில் நின்றுவிட்டது.
வெட்டியான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.
ஒருவரும் சோதிக்கவில்லை.
அரிசி உள்ளே போயிற்று.

"அண்ணே, தொழிலு?"
விட்டுடு தம்பி.
"காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்ணே."
அவனே தேடி எடுத்து
அந்த இடத்தில் இரண்டு வெள்ளைப் புறாக்களை ஒட்டினான்.
அளவு பத்தாமல்
ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.

வயிறு கொஞ்சம் பெருத்த புறாக்கள்.

சரி, அடி என்றேன்.